இடப்பக்கம் மட்டும் திறந்த ஊர்

பிளாக் லார்ச் ஊரில் நானூறு பேர். அதில் நானூற்றைந்து பேர் ஆர்வோ ஹியெட்டலாவை வெறுத்தார்கள். கணக்கில் தவறில்லை. அந்த உபரி ஐந்து பேர், பெட்ரோல் போட வண்டியை நிறுத்திய வெளியூர்க்காரர்கள். ஆர்வோவிடம் வழி கேட்டுவிட்டார்கள், பாவம்.

ஆர்வோ பனிவண்டி மெக்கானிக். மலை ஏறும் பனிவண்டியை அவனைப்போல் டியூன் செய்ய அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. இதை அவனே தினமும் சொல்வான். வண்டியைக் கொண்டுபோனால் முதலில் வண்டியைத் திட்டுவான். பிறகு ஓட்டியவனை. பிறகு ஓட்டியவனைப் பெற்றவளை. அதற்கு அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவான்.

ஆகவே, 'பாதிரியார் முதுகு' என்று நாங்கள் சொல்லும் சரிவில் பனி பெயர்ந்து விழுந்து லீலண்ட் ஸ்ட்ராண்ட் செத்தபோது ஊர் கண்ணீர் விட்டது. காரணம் ஆர்வோதான் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகிவிட்டது.

கூடப் போயிருந்தவன் லீலண்டின் மைத்துனன் கோர்டி. அவன் சொன்ன கதை இது: லீலண்ட் சரிவில் ஏறினார். பாதியில் இன்ஜினுக்குச் சக்தி போய்விட்டது. வண்டி முக்கி முனகி நின்றது. அவர் இறங்கிப் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பனிப்பாளம் அப்படியே கழன்று வந்து மூடிவிட்டது.

வண்டியைத் திறந்து பார்த்தார்கள். கிளச்சில் இருக்கும் கிளிக்கர் திருகுகள் மூன்றும் ஒன்றாம் எண்ணில் நின்றன. ஊருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உச்சியில் காற்று மெலிசு, இன்ஜின் பாதி உயிரோடுதான் ஓடும். அதனால் கிளிக்கரை ஐந்து, ஆறு என்று ஏற்றி வைத்து, கிளச் இன்ஜினின் கழுத்தை நெரிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஒன்று என்பது சமவெளிக்காரன் எண். அதோடு பாதிரியார் முதுகில் ஏறுவது, கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதிப்பது மாதிரி. அந்த வாரம் அந்தக் கிளச்சை டியூன் செய்தவன் ஆர்வோ.

அதன் பிறகு ஆர்வோவுக்கு யாரும் பால் விற்கவில்லை. ரொட்டிக் கடையில் அவன் நுழைந்தால் அடுப்பையே அணைத்தார்கள். ஆர்வோவின் கடை ஜன்னலில் கல் எறிய இடமில்லாமல் போனதும், புதுக் கண்ணாடி எப்போது போடுவான் என்று ஒரு பாட்டியம்மா நேரிலேயே போய் விசாரித்தாள். திங்கட்கிழமை போலீஸ் கார்ப்பரல் கீழே நகரத்திலிருந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

லீலண்டின் மனைவி மார்கிட்டுக்கு அதுவும் போதவில்லை. "அவன் எந்த ஓட்டை வழியாவும் தப்பிக்கக் கூடாது. ஆணி அடிச்சுக் குடு" என்று வெல்மா கூட்னிகாஃபைக் கூப்பிட்டாள். வெல்மா ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளை முகர்ந்து பார்த்தே காலத்தை ஓட்டியவள். யார் வீட்டை யார் கொளுத்தினார்கள் என்று சாம்பலின் சுவையை வைத்துச் சொல்வாள். நான் மர்ரே. பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அவளுக்குக் கார் ஓட்டுவதும், அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் உத்தியோகம். இரண்டாவது வேலையை ஒருநாளும் ஒழுங்காகச் செய்ததில்லை.

முதலில் ஆர்வோ கடைக்குப் போனோம். ஜன்னலெல்லாம் பலகை.

"வாங்க. கல்லு கொண்டுவந்திருந்தா வாசல்லயே வெச்சிட்டு வாங்க" என்றான் ஆர்வோ, தலையைத் தூக்காமல்.

"கிளிக்கரை எதுல வெச்சே?" என்றாள் வெல்மா.

"அஞ்சு. மூணையும். வெச்சுட்டு ஒவ்வொண்ணு மேலயும் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டேன். எவனாவது திருகினா பாலிஷ் விரிசல் விட்டுக் காட்டிக்குடுத்துரும்."

"என்ன கலரு?" என்றேன்.

"செர்ரி. என் பொண்டாட்டியோடது. அவ விட்டுட்டுப் போனதுல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான்."

"பாலிஷ் விரிசல் விட்டிருந்தா லீலண்டே திருகினான்னு சொல்லலாமே" என்றாள் வெல்மா.

"லீலண்டா? பெட்ரோல் டேங்க் மூடியத் திருகவே துணைக்கு ஆள் கூப்பிடுற ஜென்மம்."

"செத்துட்டான்யா அந்த ஆளு" என்றேன்.

"அதனால கை வந்துருமா?" ஆர்வோ இப்போதுதான் நிமிர்ந்தான். "இங்க பாரும்மா. சக்தி இல்ல, சக்தி இல்லன்னு எல்லாரும் வருவானுங்க. அதுல ரெண்டே நோவுதான். இன்ஜினால முடியல, இல்லேன்னா கிளச் விடல. ஒண்ணுல வெச்சு அந்தச் சரிவுல முழுசா முறுக்கினா இன்ஜின் சுத்தவே சுத்தாது. பெல்ட் கெடந்து தேயும், கிளச் கொதிக்கும், உள்ள பூரா கருப்புத் தூள் கொட்டிக் கெடக்கும். தூள் இருந்தா நானே போலீஸ் வண்டில ஏறி உக்காந்துக்கறேன். இல்லேன்னா என் நேரத்தக் கெடுக்காதீங்க."

"ஜெயில்ல போட்டா என்ன பண்ணுவே?"

மூலையில் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. "இந்த ஊர் ஹோட்டல விட அங்க சாப்பாடு நல்லாருக்கும்னு கேள்வி" என்றான். சொல்லும்போதே ஸ்பேனர் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. ஆர்வோ கையிலிருந்து ஸ்பேனர் விழுந்து அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அடுத்தது மார்கிட் வீட்டுக் கொட்டகை. ஆர்வோ ராத்திரி வந்து எதையாவது மாற்றிவிடுவான் என்று மார்கிட் அதைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். திறந்துவிட்டு, "சீக்கிரம் முடி வெல்மா. எனக்கு அவன் முகத்தப் பாக்கணும், கூட்டிட்டுப் போறப்போ" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

லீலண்டின் வண்டி ஒருபக்கம் நசுங்கி நின்றது. வெல்மா இடப்பக்க மூடியைக் கழற்றினாள். கிளச் தெரிந்தது. மூன்று திருகின் மேலும் செர்ரிப் பழ நிறத்தில் பொட்டு. மூன்றும் விரிசல் விட்டிருந்தன.

"ஆர்வோ சொன்னது ஒண்ணு சரி" என்றேன்.

வெல்மா தன் வெள்ளைக் கைக்குட்டையைக் கிளச்சுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். என் மனைவியின் மேஜை விரிப்பு அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. பெல்ட்டைத் தடவினாள். புதுசு மாதிரி இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். காப்பி நிறம், இன்ஜினிலும் குறையில்லை.

"ரெண்டாவதும் சரி" என்றாள். "ஒண்ணுல வெச்சு இந்த வண்டி ஒரு மேடும் ஏறல. திருகினது வண்டி நின்னதுக்கு அப்புறம்."

"செத்தவன் எழுந்து வந்து திருகினானா அம்மணி?"

"பக்கத்துல உசுரோட இருந்தவன் யாரு?"

"கோர்டி. ஆனா அவன் எதுக்குத் திருகணும்?"

"சக்தி போயிருச்சுன்னு கதை கட்ட."

"அப்ப சக்தி போகலியா?"

"போகல."

"அப்ப லீலண்ட் எதுக்கு நடுச்சரிவுல நின்னான்? வேடிக்கை பாக்கவா?"

வெல்மா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "யோவ் மர்ரே. இந்த ஊர்ல எத்தன பேர் வந்து இந்த வண்டியப் பாத்தாங்க?"

"எல்லாரும். பாதிரியார்கூட வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு."

"எல்லாரும் எந்தப் பக்கம் தொறந்தாங்க?"

"இடது பக்கம். கிளச் அங்கதானே இருக்கு."

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"சைலன்சர். அதுமேல சோத்துப் பெட்டி. வேற என்ன இருக்கும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இங்கே மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் சைலன்சர் மேல் ஒரு தகரப் பெட்டியைக் கவ்வவிட்டு, அதில் மத்தியானச் சாப்பாட்டை வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஓட ஓடச் சாப்பாடு சூடாகும். பனிப்பாளத்தையும் எமனையும் மறந்துவிட்டு மலை ஏறினவன் உண்டு. அந்தப் பெட்டியை மறந்தவன் இல்லை.

வலப்பக்க மூடியின் ரப்பர்க் கொக்கி உறைந்து இறுகியிருந்தது. அதாவது, யாரும் தொடவே இல்லை. வெல்மா நெம்பித் திறந்தாள். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. தாழ்ப்பாள் பத்திரமாகப் போட்டிருந்தது. உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்த பெரோகி, பாதிப் பெட்டி. ஒரு முள்கரண்டியில் குத்திய பெரோகி பாதி கடித்தபடி இருந்தது. பல் பதிந்த இடம்கூடத் தெரிந்தது.

"இப்ப சொல்லு" என்றாள் வெல்மா. "முழு வேகத்துல மலை ஏறப்போறவன் கடிச்ச பாதியப் பெட்டில வெச்சு மூடிட்டுப் போவானா?"

"நானா இருந்தா முழுங்கிட்டுப் போவேன். ரெண்டு சேத்தே முழுங்குவேன்."

"லீலண்ட் ஏறல. அடில உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தான். மேல ஏறினது வேற ஆளு."

கொட்டகையில் குளிர் திடீரென்று கூடியது மாதிரி எனக்கு இருந்தது. பிளாக் லார்ச்சில் நீங்கள் திருடலாம். அண்டை வீட்டுக்காரன் மனைவியோடு ஓடலாம். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் உட்கார இடமும் கிடைக்கும். ஆனால் அடியில் ஆள் இருக்கும்போது சரிவில் ஏறக் கூடாது. ஏறினால் வண்டியின் பாரத்தில் பனி பெயர்ந்து அடியில் இருப்பவன் தலையில்தான் விழும். ஏறினவனுக்கு இங்கே நாய்கூட வாலாட்டாது.

"கோர்டியா ஏறினான்?" என்று கேட்டுவிட்டு நானே சிரித்துவிட்டேன். கோர்டி தேவாலயப் படிக்கட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைக் கட்டிப்பிடித்து ஏறுகிற ரகம்.

"போனது ரெண்டு பேருன்னு கோர்டி சொன்னான். பெட்டிக்குள்ள எண்ணிப் பாரு."

எண்ணினேன். முள்கரண்டி மூன்று.

வெல்மா பெட்டியோடு நேராக அடுக்களைக்குப் போனாள். மார்கிட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜையில் கோர்டி உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தான். அக்காள் புருஷன் செத்ததிலிருந்து ஆறுதல் சொல்ல வருகிறேன் என்று வந்து, அந்த வீட்டு மாவு மூட்டையைப் பாதியாக்கியிருந்தான்.

வெல்மா பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். கோர்டியின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"சாப்பாடு கட்டினது நீயா மார்கிட்?"

"நான்தான். அவருக்கும் இவனுக்கும்." மார்கிட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடித்த பாதியைப் பார்த்தாள். முகம் கோணியது, சமாளித்துக்கொண்டாள். "ரெண்டு முள்கரண்டிதான் வெச்சேன்" என்று ஆரம்பித்தவள் மூன்றாவதைப் பார்த்தாள். மடக்கி நீட்டும் முள்கரண்டி. பனியில் தொலையாமலிருக்கக் கைப்பிடியில் ஆரஞ்சு நிற டேப் சுற்றியிருந்தது.

மார்கிட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"இது யாரோடது?" என்றாள் வெல்மா.

"என் பெட்டில என்ன கெடந்தா உனக்கென்ன" என்றாள் மார்கிட். குரல் கீழே எங்கேயோ இருந்து வந்தது. "பெட்டிய மூடு வெல்மா."

அந்தச் சமயம் பார்த்துப் பின்கதவு திறந்தது. மார்கிட்டின் மகள் ட்ரீனா, பூட்ஸைத் தட்டிக்கொண்டே வந்தாள். மலை ஏறும் போட்டியில் மூன்று வருஷமாக அவளை ஜெயிக்க ஆளில்லை. அப்பா செத்த அன்றைக்கு அவள் ஏரியில் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது ஊரறிந்த விஷயம். ஆர்வோ ஜன்னலில் முதல் கல் எறிந்தவளும் அவள்தான்.

"என்ன எல்லாரும் இழவு வீடு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே மேஜையைப் பார்த்தாள். "அட, என் ஃபோர்க். எங்க கெடச்சுது? பனியோட போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

அவள் கை முள்கரண்டியைத் தொடப்போய்ப் பாதியில் நின்றது. பெட்டி எந்தப் பெட்டி என்று அவள் கண் அப்போதுதான் பார்த்தது.

"ஏரில ஏது இவ்ளோ பனிச்சரிவு?" என்றேன் நான். வாயை மூடும் வேலை எனக்கு வராது என்று முன்பே சொன்னேன்.

"ட்ரீனா, ஒண்ணும் பேசாத" என்றான் கோர்டி.

"நீ பேசு அப்போ" என்றாள் மார்கிட், தம்பியைப் பார்க்காமல். "ஆப்பிள் பையத் தின்னுட்டே பேசு. உனக்குத்தான் ரெண்டும் ஒண்ணா வருமே."

கோர்டி பேசினான். மூன்று பேரும் அடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே பனி கனத்து நிற்கிறது, இன்றைக்குப் போதும் என்று லீலண்ட் சொன்னார். ட்ரீனாவுக்குத் தன் பழைய தடத்தைவிட இன்னும் கொஞ்சம் உயரத்தில் ஒரு தடம் போட வேண்டும். ஒரே ஒரு தடவை என்று பாதிச் சாப்பாட்டில் கிளம்பிவிட்டாள். அவள் வண்டி மேலே திரும்பியபோதுதான் பனிப்பாளம் கழன்றது.

"அப்பா அடில இருந்தாருன்னு தெரியுமா தெரியாதா?" என்றாள் மார்கிட்.

"வண்டிகிட்ட மரத்தோரமா இருந்தாரும்மா. நான் கெளம்பறப்போ அங்கதான் இருந்தாரு" என்றாள் ட்ரீனா. "அவரு ஏன் திறந்த வெளிக்கு வந்தாருன்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல."

"கையக் காட்டி உன்ன எறங்கச் சொல்லத்தான்" என்றான் கோர்டி. அவன் கெட்டவன் இல்லை, முட்டாள். அதுதான் ஆபத்து. "போறதுக்கு முன்னாடி எல்லா முள்கரண்டியையும் உள்ள வெச்சுப் பெட்டிய மூடினாரு. புள்ள எறங்கி வந்தா சூடா இருக்கணும்னாரு."

"நீ எங்கடா இருந்தே?" என்றாள் மார்கிட்.

"மரத்துக்குப் பின்னாடி."

"என்ன பண்ணிட்டு?"

கோர்டி ஆப்பிள் பை இருந்த தட்டைப் பார்த்தான். "ஒண்ணுக்கு."

மார்கிட் தலையை ஆட்டினாள், சந்தையில் விலை கேட்டவள் மாதிரி. "கிளச்சத் திருகினது, அவர வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றாள் ட்ரீனா. "மூச்சு இல்லம்மா. நாங்க ரொம்ப நேரம் பாத்தோம். மாமாதான் சொன்னாரு, உண்மையச் சொன்னா நீ இந்த ஊர்ல தலகாட்ட முடியாது, வண்டி மேல பழிய போட்டுறலாம்னு. நான் திருகினேன். அப்புறம் மாமா என்னப் பின்பக்கப் பள்ளத்தாக்கு வழியா அனுப்பிட்டு உதவிக்கு ஆள் கூப்பிட்டாரு."

"ஸ்பேனர் ஏது?"

ட்ரீனா கோர்டியைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல. ஸ்பேனர் ஏது?"

"அப்பா கோட்டுப் பாக்கெட்ல."

நான் எவ்வளவோ விபத்து பார்த்தவன். இரண்டாக உடைந்த லாரியிலிருந்து ஆளை இறக்கியிருக்கிறேன். அந்த அடுக்களையில் நிற்க முடியாமல் தொப்பியைக் கையில் கசக்கினேன்.

கடைசியில் மார்கிட் வெல்மாவைப் பார்த்தாள். "திங்கட்கிழமை வரைக்கும் நீ வாயத் தெறக்கலேன்னா?"

"ஆர்வோ போவான்."

"அவனுக்கு அழ யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றாள் வெல்மா. "அதனாலதான் இவங்களுக்கு அவன் வசதியாப் போனான். உனக்கும் அதேதான் தோணுது. தப்புன்னு சொல்லல. ஆனா நான் வாயத் தெறப்பேன்."

மார்கிட் எழுந்து ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மகளுடைய கையுறையை எடுத்து அவள் மார்பில் வீசினாள்.

"கெளம்பு. கார்ப்பரல் கிட்ட அப்புறம். மொதல்ல அந்த ஆளு கிட்ட."

"அம்மா, அவன் ஊரக் கூட்டிச் சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும். உங்கப்பா இன்னொருத்தன் பேர்ல சாகவேண்டாம்."

லீலண்டின் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஆர்வோ கடை வாசலில் போய் நிறுத்தினோம். பிளாக் லார்ச்சில் இரகசியத்துக்குக் கால் நான்கு. நாங்கள் இறங்கி வண்டியை இறக்குவதற்குள் பாதி ஊர் வாசலில் நின்றது. மீதிப் பாதி ஓடி வந்துகொண்டிருந்தது.

ட்ரீனா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. பக்கத்தில் நின்ற மார்கிட் விடவும் விடவில்லை. மகள் முழுங்கிய இடத்திலெல்லாம் "சத்தமா" என்றாள். சொல்லி முடித்தபோது கூட்டத்தில் முன்வரிசை இரண்டடி பின்னால் நகர்ந்தது. ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. பாலும் ரொட்டியும் இனி யாருக்குக் கிடைக்காது என்பது அந்த இரண்டடியிலேயே முடிவாகிவிட்டது.

ஆர்வோ சிரிக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஸ்பேனரை நீட்டினான். இந்த முறை அது அவன் கையில் ஆடவில்லை.

"நீ திருகினத நீயே திருப்பி வை" என்றான்.

ட்ரீனா பனியில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் திருகிலேயே ஸ்பேனர் மூன்று முறை வழுக்கியது. ஆர்வோ குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

"அது நாலு. இன்னும் ஒரு கிளிக். போட்டில ஜெயிக்கறவளுக்கு எண்ணத் தெரியாதா?"

மூன்றும் முடிந்ததும் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கியில் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. த்ராட்டிலை முழுசாக அமுக்கினான். ஊர் காதைப் பொத்திக்கொண்டது. அப்படி ஒரு சத்தம். குறையில்லாத இன்ஜின், நெரிக்காத கிளச். கூரையிலிருந்த பனி சரிந்து எங்கள் தோளில் விழுந்தது. எங்கள் பக்கத்து மலையில் தூங்கிக்கொண்டிருந்த கரடி புரண்டு படுத்திருக்கும்.

ட்ரீனா முட்டி போட்டபடியே, வண்டிக்குப் பக்கத்தில், கைகளால் காதை இறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். ஆர்வோ அவளைப் பார்த்துக்கொண்டே கையை எடுக்காமல் பிடித்திருந்தான். மார்கிட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெல்மா காரைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"அம்மணி, அவன நிறுத்தச் சொல்ல வேண்டாமா?"

"எதுக்கு?" என்றாள் வெல்மா, கதவைத் திறந்துகொண்டே. "வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாத்தானே ஓடுது."